பை பார்த்துக்கொள்கிற பையன்

வாசகர் கேள்வி: நாங்கள் பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்கும் எனக்கும் தோட்டத்தில்தான் வேலை. மூத்த மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. ஹீமோபிலியா ஏ, ரத்தம் சரியாக உறையாத நோய். ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் எட்டு 1 சதவீதத்துக்கும் குறைவு என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். வலது முட்டியில் அடிக்கடி ரத்தம் கட்டும். ஒவ்வொரு தடவையும் கோவை போய் ஊசி போட்டுக்கொண்டு வருகிறோம். பி.டி. பீரியடில் இவனை விளையாட விடாதீர்கள் என்று பள்ளியில் நானே சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் 'நான்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். 'நான் பை பார்த்துக்கொள்கிறவன். எல்லோரும் விளையாடும்போது பைகளைக் குரங்கு எடுக்காமல் பார்த்துக்கொள்வேன்' என்று எழுதி, அதோடு நிறுத்தியிருந்தான். பார்த்த அன்று எனக்குத் தூக்கமே இல்லை. அடுத்த வாரமே முட்டி வீங்கியதை இரண்டு நாள் எங்களிடம் மறைத்துவிட்டான். அதற்கு முன்னால் மழைக்காலத்தில், பள்ளியில் காடு பார்க்கக் கூட்டிப் போனபோது அட்டை கடித்து வந்து நின்றான். நான் கத்திய கத்தலில் லைன் முழுக்கக் கூடிவிட்டது. அன்றிலிருந்து என்னோடு முகம் கொடுத்தே பேசுவதில்லை. மாமியார், 'இது உன் வழியில வந்த வியாதி' என்கிறார். அவனைப் பொத்திப் பொத்தி வளர்த்தது தப்பா டாக்டர்? தன்னைப் பற்றி இப்படியே நினைத்துக்கொண்டு வளர்ந்துவிடுவானா?
— ஒரு தாய், பந்தலூர் வட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தில் நாலைந்து கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வருகிறேன். முதலில் அந்தக் கட்டுரை.

பதினோரு வயதுப் பிள்ளையிடம் 'நீ யார்' என்று கேட்டால், அது தான் செய்கிற காரியத்தைத்தான் சொல்லும். 'நான் நல்லா பவுலிங் போடுவேன்', 'தங்கச்சிய நான்தான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போவேன்', 'கணக்குல நான் ஃபர்ஸ்ட்'. உங்கள் மகனும் அதையேதான் செய்திருக்கிறான். பள்ளியில் அவனுக்கென்று கிடைத்திருக்கும் ஒரே வேலை பை காவல். அதை உள்ளது உள்ளபடி எழுதிவிட்டு, மேற்கொண்டு எழுத ஒன்றும் இல்லாததால் நிறுத்திவிட்டான். நீங்கள் அந்த இரண்டு வரியில் துக்கத்தைப் பார்த்தீர்கள். எனக்குத் தெரிந்தது, வேலை பற்றாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பையன். அவன் மனதை மாற்றப் புத்திமதி எதுவும் சொல்லப் போகாதீர்கள். கையில் வேறு வேலைகளைக் கொடுங்கள், மூன்றாவது வரியை அவனே எழுதிக்கொள்வான்.

என்ன வேலை கொடுப்பது என்பதற்கு வருவதற்கு முன், மறைத்த விஷயம். அதுதான் எனக்குக் கவலை தருகிறது, கட்டுரை அல்ல.

மூட்டுக்குள் ரத்தம் கசியும்போது வீக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு மணிக்கணக்காக முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிடும். முட்டிக்குள் ஒரு குறுகுறுப்பு, லேசான சூடு, மடக்கினால் ஓர் இறுக்கம். என்னிடம் வரும் பிள்ளைகள் இதை 'உள்ள ஏதோ ஊறுது', 'முட்டி நெறஞ்ச மாதிரி இருக்கு' என்றெல்லாம் சொல்வார்கள். அந்த நேரத்தில் ஃபேக்டர் ஊசி போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் நடமாட்டம் திரும்பிவிடும். இரண்டு நாள் விட்டுப் போட்டால் அதே முட்டிக்கு வாரக்கணக்கில் ஓய்வு தேவைப்படும். மூட்டுக்குள் தங்குகிற ரத்தம் உள்சவ்வைத் தடிக்க வைக்கும், தடித்த சவ்வு இன்னும் சுலபமாகக் கசியும், பிறகு குருத்தெலும்பு தேயும். ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறைக்குக் குறையாமல் தானாகக் கசிந்தால் அதை டார்கெட் ஜாயின்ட் என்போம். உங்கள் மகனின் வலது முட்டி அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று உங்கள் கடிதத்தை வைத்து நினைக்கிறேன்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிள்ளை ஏன் மறைத்தான்? சொன்னால் என்ன நடக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். விடியற்காலையில் கிளம்பி கூடலூர், நடுவட்டம், ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம் என்று பஸ் மாறிப் போக வேண்டும். வழியில் வாந்தி. மழையில் எங்காவது மண் சரிந்திருந்தால் அங்கேயே காத்திருக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால் வீட்டில் ஒரு விசாரணை நடக்கும்: 'எப்படிடா ஆச்சு? ஓடுனியா? யாரு சொல்லி ஓடுன?' ஒரு வார்த்தைக்கு இவ்வளவு விலை என்றால் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருப்பேன்.

அந்த விலையைக் குறைப்பது உங்கள் கையில் பாதி இருக்கிறது. அவன் 'முட்டி ஒரு மாதிரி இருக்கு' என்று சொன்னவுடன் இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள்: 'எங்க?', 'எப்போ இருந்து?' 'எப்படி' என்பதை மறுநாள் கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலே விட்டாலும் குடி முழுகிவிடாது. கடுமையான ஹீமோபிலியாவில் எந்த அடியும் படாமல் தூங்கி எழுந்தபோதே கசிந்திருப்பது சாதாரணம். பெரும்பாலான நாள் அவனுக்கே காரணம் தெரிந்திருக்காது. தெரியாத காரணத்தை நாம் கேட்டுக்கேட்டு, கடைசியில் அவனாகவே 'நான்தான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன்' என்ற முடிவுக்கு வந்துவிடுவான்.

மறு பாதி மருத்துவமனையின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகள் வழியாக ஃபேக்டர் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கசிவுக்கும் கோவை வரை போவது சிகிச்சையே அல்ல, தண்டனை. அடுத்த முறை போகும்போது கோவை டாக்டரிடம் மூன்று விஷயங்கள் கேளுங்கள். பந்தலூர் அல்லது கூடலூர் அரசு மருத்துவமனையில் இவன் பெயரில் ஃபேக்டர் வைக்கக் கடிதம் எழுதித் தருவார்களா? அவசரத்துக்கு ஒன்றிரண்டு டோஸ் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா? (குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி வரை, ஐஸ் உறையும் தட்டில் வைக்கவே கூடாது.) மூன்றாவதுதான் முக்கியம்: கசிந்த பிறகு போடாமல், கசியாமல் இருப்பதற்காக வாரம் இரண்டு மூன்று முறை குறைந்த அளவிலாவது போடும் தடுப்பு முறைக்கு இவனை மாற்றலாமா? ஹீமோபிலியா ஏ பிள்ளைகளுக்கு எமிசிசுமாப் என்று தோலுக்கடியில் போடும் மருந்தும் இருக்கிறது. அதை வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கொருமுறை, நாலு வாரத்துக்கொருமுறை என்று டாக்டர் முடிவு செய்கிறபடி போடலாம், நரம்பு தேட வேண்டியதில்லை. அது இவனுக்குப் பொருந்துமா, உங்கள் மையத்தில் கிடைக்குமா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்கிறவர்களுக்குத்தான் கிடைக்கிறது என்பது என் அனுபவம்.

இனி அட்டை. மழைக்காலத்தில் உங்கள் பக்கத்துக் காட்டில் கால் வைத்தால் அட்டை ஏறாமல் திரும்ப முடியாது என்பது எனக்கும் தெரியும். அன்று இவனோடு போன மற்றப் பிள்ளைகளையும் அது விட்டு வைத்திருக்காது. அட்டையின் எச்சிலில் ஹிருடின் போன்ற ஒரு பொருள் இருக்கிறது. ரத்தம் உறைவதற்குத் தேவையான த்ராம்பினை அது முடக்கிவிடும். அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் யாருக்கானாலும் ரத்தம் நிற்காமல் வழிகிறது. அதாவது அந்த ஒரு நாள், காலில் ரத்தக்கோடு வைத்திருந்த எல்லாப் பிள்ளைகளும் கொஞ்ச நேரம் ஹீமோபிலியாக்காரர்கள். மற்றவர்களைப் போலவே ரத்தம் வழிய, மற்றவர்களைப் போலவே சிரித்துக்கொண்டு அவன் லைனுக்குள் வந்திருப்பான். பள்ளி வாழ்க்கையிலேயே அப்படி வந்த முதல் நாளாகக்கூட இருக்கலாம். அங்கே நீங்கள் கத்தினீர்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் அவன் முகம் கொடுக்காததற்குக் காரணம் அட்டையோ ரத்தமோ இல்லை என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். ஒரு நாள் சாயங்காலம், வேறு வேலை செய்துகொண்டே, 'அன்னைக்கு நான் கத்துனது தப்புடா தம்பி, பயந்துட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். பெரிய சமாதானப் பேச்செல்லாம் வேண்டாம்.

அடுத்த அட்டைக்கு என்ன செய்வது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இழுத்துப் பிய்க்காமல், நகத்தால் ஓரத்திலிருந்து தள்ளி எடுங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியை மடித்து வைத்து, நடுவில் எடுத்து எட்டிப் பார்க்காமல் 20 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அழுத்துகிற கை அவனுடையதாக இருக்கட்டும். இவனுக்கு நிற்க மற்றவர்களைவிட நேரம் எடுக்கும். அப்படியும் நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால் ஃபேக்டர் தேவை, மருத்துவமனைக்குப் போங்கள். சின்னச் சின்ன வெட்டுக்காயம், சிராய்ப்புக்கும் இதே அழுத்தம்தான். ஹீமோபிலியாவில் ரத்தம் வேகமாகக் கொட்டாது, நிற்கத்தான் தாமதமாகும். ஊரில் எல்லோரும் வெளியில் தெரிகிற ரத்தத்துக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது வெளியே தெரியாததற்கு: மூட்டு, தொடை மேல் தசை, வயிறு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தலை. தலையில் பலமாக அடிபட்டால் பேச்சே இல்லை, முதலில் ஃபேக்டர், பிறகுதான் ஸ்கேன். வாந்தியோ தூக்கக் கலக்கமோ வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

பொத்தி வளர்த்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு கூச்சம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இதே மலையில், இதே நோயோடு வந்த ஆறு வயதுப் பையனின் அம்மாவிடம், 'பஞ்சுல பொத்தி வெச்ச மாதிரி பாத்துக்கோங்கம்மா' என்று நான்தான் சொன்னேன். அந்த அம்மா என் பேச்சை அப்படியே கேட்டார். பதினைந்து வயதில் அந்தப் பையன் திரும்ப வந்தபோது தொடை என் முன்னங்கை பருமன்தான் இருந்தது. எழுந்து நிற்க நாற்காலிக் கையைப் பிடித்தான். ஒன்பது வருடம் உட்கார வைத்தே வளர்த்திருந்தார்கள். தசை இல்லாத மூட்டுக்குத் தாங்கல் இல்லை, தாங்கல் இல்லாத மூட்டு இன்னும் கசியும். அவனிடம் நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். 'வலிக்குதா?' என்றால் அவன் அம்மா முகத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு பஞ்சு என்ற வார்த்தையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

ஆகவே விளையாட்டு. உங்கள் மகன் விளையாட வேண்டும், கசிவு இல்லாத நாட்களில் கட்டாயம் விளையாட வேண்டும். எதை என்பதில்தான் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். கபடி வேண்டாம். குத்துச்சண்டை, மல்யுத்தம் வேண்டாம். ஃபுட்பாலில் முட்டி மோதல் அதிகம் என்பதால் அதுவும் வேண்டாம் என்பேன். கூடலூர் பக்கம் ஃபுட்பால் இல்லாமல் பையன்கள் வளர்வதில்லை என்பது தெரியும், அவனுக்கு வருத்தம்தான் இருக்கும். அந்த வருத்தத்தை இல்லை என்று சொல்லி மூடாதீர்கள், 'ஆமா, கஷ்டமாத்தான் இருக்கும்' என்று ஒத்துக்கொள்ளுங்கள். ஷட்டில், டேபிள் டென்னிஸ், நடை, டென்னிஸ் பந்தில் கிரிக்கெட், ஹெல்மெட்டோடு சைக்கிள் எல்லாம் சரி. வாய்ப்பிருந்தால் நீச்சலை விடாதீர்கள். பிரிட்டனைச் சேர்ந்த அலெக்ஸ் டவ்செட் என்ற சைக்கிள் வீரருக்கும் உங்கள் மகனுக்கு உள்ள அதே கடுமையான ஹீமோபிலியா ஏ. 2015-இல் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் மிதித்து அன்றைய உலக சாதனையைப் பிடித்தார். மருந்தை முறையாகப் போட்டுக்கொண்டுதான், இல்லாமல் இல்லை. இதை மகனிடம் சொல்லும்போது 'நீயும் சாதிக்கணும்' என்று வால் ஒட்ட வேண்டாம். அப்படி ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

தொடைத் தசைக்குத் தினமும் ஒரு பயிற்சி. ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, முட்டியால் துண்டைக் கீழே அழுத்தி பத்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்துப் பதினைந்து தடவை. மற்றப் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்வார். கசிவு இருக்கும் நாளில் பயிற்சி கிடையாது. அன்று ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், காலை உயர்த்தி வைத்தல், ஃபேக்டர். அந்த நாட்களில் பள்ளிக்குப் போகும் நிலையில் இருந்தால் அப்பா முதுகில் சுமந்து படியேறிக் கொண்டுவிடும் பழக்கம் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் ஒரு ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பையன் அப்பா முதுகில் வந்து இறங்குவதை வகுப்பே பார்க்கிறது. ஊன்றுகோலோடு வந்தால் அவன் தானாக வந்தவன்.

இப்போது, அவன் கையில் கொடுக்க வேண்டிய வேலை. பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் தங்கள் ஊசியைத் தாங்களே கலக்கப் பழகலாம். நரம்பில் குத்துவது அதற்குப் பிறகு, நர்ஸிடம் முறையாகக் கற்றுக்கொண்டு. போன குளிர்காலத்தில் ஒரு பையன் என் முன்னால் கலக்கினான். பெட்டியிலிருந்து எடுத்த குப்பி சில்லென்று இருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, வாயருகே கொண்டுபோய் ஊதி ஊதிச் சூடேற்றினான். தண்ணீர் மருந்தை உள்ளே இறக்கியதும் நான் குப்பியை வாங்கிக் குலுக்கப் போனேன். 'டாக்டர், குலுக்காதீங்க, நுரை கட்டும்' என்று பிடுங்கிக்கொண்டு, சாணி உருண்டை உருட்டுவதுபோல மெதுவாக உள்ளங்கையில் உருட்டினான். பொடி கரைந்து தெளிவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, 'ம்' என்றான். அவன் அம்மா ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார். அந்த அறையில் அன்று விஷயம் தெரிந்த ஆள் அவன்தான்.

கணக்கும் கற்றுக்கொடுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் ஃபேக்டர் எட்டு போட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 சதவீதம் ஏறும். 30 கிலோ பையனுக்கு 600 யூனிட் போட்டால் 40 சதவீதம். 8 முதல் 12 மணி நேரத்தில் அது பாதியாகும், அடுத்த 8 முதல் 12 மணியில் அதிலும் பாதி. எவ்வளவு போடுவது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் ஏன் அவ்வளவு என்பது அவனுக்குப் புரிய வேண்டும். கூடவே ஒரு நோட்டு: தேதி, எந்த மூட்டு, எத்தனை மணிக்குத் தோன்றியது, எத்தனை யூனிட், குப்பியின் பேட்ச் எண். எழுதுவது அவன். டாக்டரிடம் அதைக் காட்டிப் பேசுவதும் அவன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், அவன் திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு வேலையும் அவனுக்கு உண்டு: வேண்டாம் என்று சொல்வது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சல் என்று போனால் இடுப்பில் ஒரு ஊசி போட்டு அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இவனுக்குத் தசையில் ஊசி கூடாது, தசைக்குள் ரத்தம் கட்டிவிடும். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கூடாது, பாரசிட்டமால் மட்டும். தடுப்பூசிகளை நிறுத்தக் கூடாது, மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் போட்டு சில நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைக்கட்டும். 'எனக்கு இடுப்பு ஊசி போடக் கூடாதுங்க' என்று பதினோரு வயதில் பெரியவர்களிடம் சொல்லப் பழகியவன், இருபது வயதில் வேலைக்குப் போகும் இடத்திலும் சொல்வான். அப்புறம், பல் தேய்ப்பது. ஈறில் ரத்தம் வரும் என்று பயந்து பிரஷ்ஷையே நிறுத்திவிடும் வீடுகள் உண்டு. தேய்க்காத ஈறுதான் வீங்கிக் கசியும். மென்மையான பிரஷ், தினம் இரண்டு வேளை.

பள்ளியில் சொல்வது பற்றி. ஆசிரியர்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும், எழுத்தில் கொடுங்கள். கூடப் படிக்கிறவர்களிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவனிடமே விட்டுவிடுங்கள். அவனுக்கென்று ஒரே ஒரு வாக்கியம் தயாராக இருந்தால் நல்லது, அதையும் அவன் பேச்சிலேயே: 'என் ரத்தம் உறையறதுக்கு ஒண்ணு கம்மியா இருக்கு, ஊசி போட்டா சரியாயிடும், ஒட்டாது.' உங்கள் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் வரும். 'ரத்த வியாதி' என்றாலே நம் மலையில், ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் அரிவாள் செல் நோய்தான் நினைவுக்கு வரும். 1952-இல் இந்தியாவில் அது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அதனால் ஆசிரியரோ சுகாதாரப் பணியாளரோ அக்கறையில் 'இவன் குளிர்ல நிக்கக் கூடாது', 'ஃபோலிக் மாத்திரை சாப்பிடுறானா?' என்று கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு நோய்கள், வேறு வேறு மருந்து. பொறுமையாகச் சொல்லுங்கள்.

மாமியாருக்கு வருவோம். ஹீமோபிலியாவுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையன்களுக்கு எக்ஸ் வருவது அம்மாவிடமிருந்து மட்டும்தான். அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்னால் யாருக்கும் இல்லாமல் புதிதாகவே வருகிறது. யாருடைய நடத்தையாலும், யார் பார்த்த பார்வையாலும் வருவதில்லை. உங்கள் கணவரிடம் இருக்கிற ஒரே எக்ஸ் உங்கள் மாமியார் கொடுத்தது, உங்களுக்கு மகள் இருந்தால் அது அப்படியே அவளிடம் போயிருக்கும். பேத்தியிடம் தன் பங்கு ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் கிழவி கொஞ்சம் இறங்கி வரலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை: மகள் இருந்தால் அவளுக்கும் ஃபேக்டர் அளவு பார்த்துவிடுங்கள். நீங்கள் இந்த மரபணுவைச் சுமப்பவர் என்றால் அவளிடமும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. சுமப்பவர்களில் சிலருக்கு அளவு குறைவாக இருந்து, வயதுக்கு வந்த பிறகு மாதவிடாயில் அதிக ரத்தம் போகும். முன்கூட்டியே தெரிந்தால் சமாளிப்பது சுலபம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஹீமோபிலியாவும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அந்த வார்த்தை அவனுக்குப் பிடிக்காமல் போகலாம், 'நான் ஒண்ணும் அது இல்ல' என்று சண்டை போடலாம். போடட்டும். அட்டை பீரோவில் இருந்தாலும் வேலை செய்யும்.

வாட்ஸ்அப்பில் வேலூர் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் ஹீமோபிலியா ஏ உள்ள 5 பேருக்கு மரபணு சிகிச்சை செய்து, அதன் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. நல்ல முடிவு, கசிவு நின்றிருக்கிறது. ஐந்து பேரும் பெரியவர்கள், சிகிச்சையும் சுலபமானதல்ல. உங்கள் மகன் பெரியவனாகும்போது அது எங்கே வந்திருக்கும் என்று நம்பிக்கையோடு பார்க்கலாம். அதுவரை அவன் முட்டியைக் காப்பாற்றி வைப்பது நம் வேலை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். பெற்றோர் சொல்வதும் பிள்ளை சொல்வதும் ஒன்றாக இருக்காது என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஹீமோபிலியா பிள்ளைகளின் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அறிய 'ஹீமோ-க்யூஓஎல்' என்ற கேள்வித்தாள் இருக்கிறது. அதில் 4 முதல் 7 வயதுக்கு ஒன்று, 8 முதல் 12-க்கு ஒன்று, 13 முதல் 16-க்கு ஒன்று என்று பிரித்திருப்பதோடு, பெற்றோருக்கும் தனியாக வைத்திருக்கிறார்கள். நண்பர்கள், குடும்பம், விளையாட்டு, சிகிச்சை, தன்னைப் பற்றித் தான் நினைப்பது என்று எல்லாமே அதில் உண்டு. கோவையில் அவனை அரை மணி நேரம் தனியாக உட்கார வைத்து யாராவது இப்படிக் கேட்க முடியுமா என்று விசாரியுங்கள். நீங்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருங்கள்.

பை விஷயத்தில் பி.டி. ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். விளையாட விடாதீர்கள் என்று நீங்கள் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எதெல்லாம் விளையாடலாம் என்ற பட்டியலைக் கொடுங்கள், டாக்டர் கையெழுத்தோடு இருந்தால் அவருக்கும் தைரியம். குரங்கு இருக்கும் வரை பைகளை யாராவது பார்த்துக்கொண்டுதான் ஆக வேண்டும், அதில் மாற்றமில்லை. வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஆளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முப்பது சொச்சம் பேர் இருந்தால் அவன் முறை வர ஒன்றரை மாதமாவது ஆகும். அன்றைக்கு அவனும் பார்த்துக்கொள்ளட்டும்.